இரண்டாவது வசனம்

ஆதம்பாக்கத்தில் வீடு வாங்கினவனுக்கு ஒரு மலை இனாம். பத்திரத்தில் அது எழுதியிராது. ஆனால் மொட்டை மாடியில் ஏறி நின்றால் வடமேற்கே பரங்கிமலை தெரியும். காலையில் பல் துலக்கும்போதும், மாலையில் காயப்போட்ட துணியை எடுக்கும்போதும் அதைப் பார்த்துத்தான் ஆகவேண்டும். பிருங்கி முனிவர் தவம் செய்ததால் பிருங்கிமலை, அதுவே பரங்கிமலை ஆயிற்று என்று எங்கள் பேட்டையில் ஒரு கட்சி. பரங்கியர், அதாவது போர்த்துகீசியர், வந்து கோயில் கட்டியதால் பரங்கிமலை என்று இன்னொரு கட்சி. நான் இரண்டு கட்சியிலும் சந்தா கட்டாத அங்கத்தினன்.

முந்நூறு அடி உயரந்தான். மலை என்று சொன்னால் திருப்பதிக்காரர்கள் சிரிப்பார்கள். நூற்று முப்பது சொச்சம் படிகள். அந்தப் படிகளைக் கட்டியவர் கோஜா பெட்ரூஸ் ஊஸ்கான் என்ற ஆர்மீனிய வியாபாரி. 1726-இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே மர்மலாங் பாலத்தைத் தம் சொந்தப் பணத்தில் கட்டிக் கொடுத்தவரும் அவரேதான். பாலம் இருந்த இடத்தில் 1966-இல் வேறு பாலம் வந்துவிட்டது; இன்று அதற்கு மறைமலையடிகள் பெயர். படிகள் இருக்கின்றன. வியாபாரிகள் இப்படியும் பணம் செலவழித்த காலம் ஒன்று உண்டு என்பதை மட்டும் குறித்துவிட்டு மேலே போகிறேன்.

இயேசுநாதரின் பன்னிரண்டு சீடர்களில் ஒருவரான தோமா, கி.பி. 72-ஆம் ஆண்டில் இந்த மலையின்மேல் ஈட்டியால் குத்துண்டு இறந்தார் என்பது ஐதீகம். சரித்திரக்காரர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்; ஐதீகத்துக்கு அதனால் ஒரு குறையும் வரவில்லை. இதற்குச் சில மைல் தொலைவில், சைதாப்பேட்டையில் சின்னமலை இருக்கிறது. அங்கே ஒரு குகை. தோமா அதில் ஒளிந்திருந்தாராம். துரத்தி வந்தவர்கள் வாசலை நெருங்கியபோது பாறையில் ஒரு வழி கிடைத்து வெளியேறிப் போனாராம். பக்கத்திலேயே, மோசே வனாந்தரத்தில் செய்தது போல அவர் பாறையைத் தட்டி வரவழைத்ததாகச் சொல்லும் சுனையும் இருக்கிறது. சின்னமலையில் தப்பினார், பெரிய மலையில் தப்பவில்லை. இரண்டுக்கும் நடுவே இப்போது பஸ் சில நிமிஷத்தில் போய்விடுகிறது. இத்தனை வருஷம் இந்த விஷயம் என் கண்ணெதிரே இருந்தும் அதை நான் யோசித்ததில்லை. யோசிக்க வைத்தவர் எதிர்வீட்டு டீச்சரம்மா.

டீச்சரம்மாவுக்குச் சொந்த ஊர் பாளையங்கோட்டை. அவரும் ஆசிரியை, அவர் கணவரும் கணக்கு வாத்தியார். இருவரும் ஓய்வு பெற்று, பிள்ளை வெளிநாடு போன பிறகு, ஆதம்பாக்கமே கதி என்று இருந்துவிட்டார்கள். எங்களுக்கும் முன்னால் வந்தவர்கள். இருந்தும் டீச்சரம்மா அந்த மலையில் ஒரு தடவைகூட ஏறியதில்லை. ஏன் என்று கேட்டேன்.

"நாங்க சி.எஸ்.ஐ., அண்ணாச்சி. அது ஆர்.சி. கோயில்லா?" என்றார்.

நம்முடைய ஊரில் வடகலையும் தென்கலையும் இல்லாத மதமே கிடையாது என்று நினைத்துக்கொண்டு பேசாமல் இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் வீட்டுத் திண்ணையில் குழந்தைகளுக்குக் கதை நடக்கும். ஏழெட்டுக் குழந்தைகள் வரும். பாதிக்கு மேல் வேதக் குழந்தைகள் அல்ல. என் பேத்தியும் போவாள். கதைக்காகப் போனாளா, கதை முடிந்ததும் கிடைக்கும் முறுக்குக்காகப் போனாளா என்று நான் விசாரிக்கவில்லை. நான் எதிரே வாசலில் சாய்வு நாற்காலியைப் போட்டுக்கொண்டு பத்திரிகை படிப்பது போலப் பாவனை செய்வேன். கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இன்னொருவர் கதை சொல்வதைக் கேட்டால் வயிற்றெரிச்சல் வரும். டீச்சரம்மாவைக் கேட்டால் எனக்கு நிரம்பவே வந்தது.

தானியேலைச் சிங்கக் குகையில் போட்ட கதையை அவர் சிங்கத்திலிருந்து ஆரம்பிக்கமாட்டார். அவனைப் போடச் சொன்ன தரியு ராஜாவிடமிருந்து ஆரம்பிப்பார். தான் போட்ட சட்டத்திலேயே தான் மாட்டிக்கொண்ட அந்த ராஜா அன்றிரவு சாப்பிடாமல், தூங்காமல், விடிந்ததும் குகை வாசலுக்கு ஓடிவந்து துக்கக் குரலில் கூப்பிடுகிறான். "குகைக்குள்ள இருந்தவன் பயப்படல, அரண்மனையில இருந்தவன்தான் பயந்தான்" என்பார். குழந்தைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்கும்.

பேதுருவின் சிறைச்சாலைக் கதை அவருடைய உச்சம். ஏரோது ராஜா பேதுருவைப் பிடித்துச் சிறையில் போட்டிருக்கிறான். மறுநாள் விசாரணை. இரண்டு சங்கிலி, இரு பக்கமும் இரண்டு சேவகர்கள். நடுவில் மனிதர் தூங்குகிறார். தேவதூதன் விலாவில் தட்டி எழுப்புகிறான். சங்கிலி கழன்று விழுகிறது. இரும்புக் கதவு தானே திறக்கிறது. பேதுரு கனவு என்று நினைத்துக்கொண்டே தெருவரை வந்துவிடுகிறார். அவருக்காக ஒரு வீட்டில் எல்லோரும் கூடி ராத்திரி முழுவதும் ஜெபம் செய்துகொண்டிருக்கிறார்கள். அங்கே போய்க் கதவைத் தட்டுகிறார். ரோதை என்ற வேலைக்காரப் பெண் குரலை அடையாளம் கண்டு, சந்தோஷத்தில் கதவைத் திறக்கவே மறந்து உள்ளே ஓடுகிறாள். பேதுரு வந்துவிட்டார் என்கிறாள். ஜெபம் செய்துகொண்டிருந்தவர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? உனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றார்கள்! எதைக் கேட்டு ராத்திரி பூராவும் முழந்தாளில் நின்றார்களோ, அது வாசலில் நின்று கதவைத் தட்டுகிறது, ஒருவரும் நம்பவில்லை. டீச்சரம்மா திண்ணைக் கதவைத் தட்டிக் காட்டுவார். குழந்தைகள் உருண்டு சிரிக்கும். நானும் பத்திரிகைக்குப் பின்னால் சிரிப்பேன்.

எனக்கு இவையெல்லாம் புதுக் கதைகள் அல்ல. என் பாட்டி எனக்கு அப்பர் சுவாமிகளின் கதையைச் சொல்லியிருக்கிறாள். பல்லவ ராஜா அவரை நீற்றறையில் ஏழு நாள் அடைத்தான், நஞ்சு கொடுத்தான், யானையை ஏவினான், கல்லிலே கட்டிக் கடலிலே போட்டான், கல் மிதந்து திருப்பாதிரிப்புலியூரில் கரை சேர்ந்தது. பாபிலோன் ராஜா மூன்று பேரை அக்கினிச் சூளையில் போட்ட கதையை டீச்சரம்மா சொன்ன அன்று, நீற்றறையும் சூளையும் அடுத்தடுத்த தெருவில் இருப்பதாகவே எனக்குத் தோன்றியது.

கணக்கு வாத்தியார் மட்டும் இந்தக் கதைகளில் கலந்துகொள்ளமாட்டார். அவருக்குச் சிறுநீரகம் பழுதுபட்டு, செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. உள்ளே கட்டிலில் படுத்தபடி கேட்பார். ஒரு நாள் என்னிடம் சொன்னார்: "அவ கதையில எல்லாரும் தப்பிச்சிருவாக, அண்ணாச்சி. நான் கணக்கு வாத்தியார். மீதி வராத கணக்காவே எத்தனை போட முடியும்?"

நோயாளியின் அலுப்பு என்று நினைத்தேன்.

2015-ஆம் வருஷம் டிசம்பர் 1-ந் தேதி செவ்வாய்க்கிழமை. சென்னைவாசிகளுக்கு அதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செண்டிமீட்டர் மழை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் அடையாற்றில் வந்தது. மீனம்பாக்கத்தில் ஓடுபாதையில் வெள்ளம் நின்று விமானங்கள் நின்றன. எங்கள் தெருவுக்கு வந்தது ஆற்று வெள்ளம் அல்ல. ஏரி நிரம்பி, போக வழியில்லாமல் வந்த தண்ணீர். அதன் வழியில்தான் நாங்கள் வீடு கட்டியிருந்தோம். ஆகவே யாரையும் கோபித்துக்கொள்ள எங்களுக்கு வாய் இல்லை.

மாலையில் கணுக்கால், ராத்திரி எட்டு மணிக்கு இடுப்பு. தெருக்கோடி வீட்டுக்காரர் தம் மாடியைத் திறந்துவிட்டார். கணக்கு வாத்தியாரை நாற்காலியோடு நாலு பேர் தூக்கிப் போனோம். அன்று செவ்வாய், டயாலிசிஸ் நாள். காலையிலேயே வண்டி கிடைக்காமல் முறை தவறிவிட்டது. பதினாலு பேர், இரண்டு மெழுகுவர்த்தி, பேச்சு மூச்சற்ற டெலிபோன்கள். குழந்தைகள் அழ ஆரம்பித்தன. டீச்சரம்மா கணவரின் கால்மாட்டில் உட்கார்ந்தபடியே செங்கடல் கதையை எடுத்தார்.

சினிமாவில் மோசே கோலை நீட்டியதும் கடல் பட்டென்று பிளந்துவிடுகிறது. டீச்சரம்மா சொன்ன கடல் அப்படி அல்ல. "ராத்திரி முழுக்கக் கீழ்க்காத்து அடிச்சுது. அவசரம் ஒண்ணும் இல்ல. பின்னால பார்வோனோட ரதம் நிக்குது, முன்னால தண்ணி. விடிய விடியக் காத்து மட்டும் அடிக்குது. அவ்வளவு நேரமும் அந்த ஜனங்க என்ன செய்ய முடியும்? இருட்டுல நின்னு காத்தைக் கேட்டுக்கிட்டே இருந்தாக." குழந்தைகள் ஒவ்வொன்றாகத் தூங்கின. வெளியே தண்ணீர் சுவரில் மோதுகிற சத்தம். நான் பெரியவன், எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆனால் கேட்டுக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை ஒன்றும் வரவில்லை. கணக்கு வாத்தியாருக்கு முகம் வீங்கி மூச்சு வாங்கியது. வியாழக்கிழமை காலையில் தெருமுனையில் ஒரு படகு தெரிந்தது. கடற்கரைக் குப்பத்து மீனவர்கள் தங்கள் ஃபைபர் படகை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து எங்கள் பேட்டையில் தண்ணீரில் இறக்கியிருந்தார்கள். கூலி பேசவில்லை. பெயரும் சொல்லவில்லை. ஒருவர் மட்டும், "பெருசை முதல்ல குடுங்க" என்றார். மூட்டை இறக்குவது போல அவரைப் பத்திரமாக இறக்கிக்கொண்டார்கள். டீச்சரம்மா படகில் உட்கார்ந்ததும் நான் மாடியிலிருந்தே கத்தினேன்: "டீச்சரம்மா, செங்கடல் பிளந்துவிட்டது!" அவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் நடந்தது. பிழைத்துக்கொண்டார் என்று செய்தி வந்தது.

இதோடு நான் சும்மா இருந்திருக்கலாம். எழுத்தாளன் சும்மா இருப்பதில்லை. சேறு வழித்த கையோடு உட்கார்ந்து ஒரு பத்திரிகைக்குக் கட்டுரை எழுதி அனுப்பினேன். இருட்டு, மெழுகுவர்த்தி, கீழ்க்காற்று, படகு, மீனவர். சீமோன் பேதுருவும் மீனவர்தானே என்று ஒரு நகாசு. கடைசிப் பத்தியில் கணக்கு வாத்தியார் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார். தலைப்பில் செங்கடலை இழுத்திருந்தேன். ஆசிரியர் பிரமாதம் என்று கடிதம் போட்டார்.

டிசம்பர் 17-ந் தேதி ராத்திரி கணக்கு வாத்தியார் காலமானார். நுரையீரலில் சளி கட்டிவிட்டது. வெள்ளத்தில் நனைந்ததாலா, தவறிய முறையாலா, வயதாலா என்று டாக்டர் தீர்மானமாகச் சொல்லவில்லை. மறுநாள் காலையில் சவப்பெட்டிக்கு ஏற்பாடு செய்யப் போனவன், ஸ்டேஷன் வாசல் பெட்டிக்கடையில் அந்தப் பத்திரிகை தொங்குவதைப் பார்த்தேன். உள்ளே அவர் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் முழுவதும் எனக்குத் தொண்டையில் சோறு இறங்கவில்லை. டயாகரஸ் என்று ஒரு கிரேக்க நாத்திகரைப் பற்றி ரோமாபுரி சிசரோ எழுதிவைத்திருக்கிறார். கடலில் தப்பித்தவர்கள் நேர்ந்துகொண்டு மாட்டிய படங்களை ஒரு கோயிலில் அவருக்குக் காட்டி, தெய்வத்தின் சக்தியைப் பாரும் என்றார்களாம். மூழ்கிப் போனவர்களின் படம் எங்கே மாட்டியிருக்கிறது என்று அவர் கேட்டாராம். முதலில் படித்தபோது கெட்டிக்காரத்தனமான பதில் என்று ரசித்தேன். இப்போது அது முள்ளாகக் குத்தியது. மயிலாப்பூர் லஸ் கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். கடலில் திசை தப்பிய போர்த்துகீசிய மாலுமிகள் ஒரு வெளிச்சத்தைப் பின்பற்றிக் கரையேறினார்களாம். வெளிச்சம் மறைந்த இடத்தில் கோயில் எழுந்தது. 1516 என்று கல்வெட்டு சொல்கிறது. வேளாங்கண்ணியிலும் புயலில் தப்பிய மாலுமிகள் கட்டிய கோயில் என்றுதான் வரலாறு. அதே வேளாங்கண்ணியில் 2004 டிசம்பர் 26 காலையில் சுனாமி வந்தபோது, கோயிலுக்குள் இருந்தவர்கள் பிழைத்தார்கள். கடற்கரையிலும் கடைத்தெருவிலும் இருந்தவர்கள் நூற்றுக்கணக்கில் போனார்கள். உள்ளே இருந்தவர்களும் பக்தர்கள். வெளியே இருந்தவர்களும் பக்தர்கள். தப்பித்தவர்களைப் பற்றி எழுதி நான் சன்மானம் வாங்கியிருந்தேன்.

ஜனவரி மாதம் ஒரு நாள் டீச்சரம்மா என் மனைவியிடம் வந்து, "மதினி, அந்த மலைக்கு ஒரு தடவை போயிட்டு வருவமா?" என்றார். நானும் கூடப் போனேன். ஆட்டோவில் அடிவாரம்; அப்புறம் ஊஸ்கானின் படிகள். மேலே கோயிலில் பீடத்துக்குப் பின்னால் பழைய கற்சிலுவை இருக்கிறது. 1547-இல் அஸ்திவாரம் தோண்டும்போது கிடைத்ததாம். அதில் பஹ்லவி எழுத்து. 1558 டிசம்பர் 18 முதல் அது பல தடவை இரத்தம் போல வியர்த்ததாகச் சொல்கிறார்கள். டீச்சரம்மா அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். ஆர்.சி. முறைப்படி முழந்தாளிடவில்லை; சி.எஸ்.ஐ. முறைப்படி கண்ணை மூடவும் இல்லை. பிறகு வெளியே வந்து மரத்தடிச் சுவரில் உட்கார்ந்தோம். கீழே விமானம் ஒன்று ஓடிப் போய் எழும்பியது.

"இவரைத் தப்புவிக்கலியே, அண்ணாச்சி" என்றார்.

கணவரைச் சொல்கிறார் என்று நினைத்தேன். தோமாவைச் சொன்னார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. டயாகரஸ் தேடிய படம் இங்கேதான் மாட்டியிருக்கிறது. தப்பித்த சின்னமலை இருக்கும்போது, தப்பாத இந்த மலையை விட்டுவிடாமல் இங்கேயும் 1523-இல் ஒரு கோயில் கட்டி, படி போட்டு, ஐந்நூறு வருஷமாக ஏறி வந்துகொண்டிருக்கிறார்கள். அதை டீச்சரம்மாவிடம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் பேசினார்.

"உங்க கட்டுரையைப் படிச்சேன். நல்லாத்தான் எழுதியிருக்கீக. நானும் அப்படித்தான சொல்லிக்கிட்டிருந்தேன். பேதுரு ஜெயில் கதை எத்தனாவது அதிகாரம் தெரியுமா? அப்போஸ்தலர் நடபடிகள் பன்னிரண்டு. முப்பது வருஷமா ஓய்வுநாள் பள்ளியில அதை மூணாவது வசனத்துல இருந்துதான் ஆரம்பிக்கேன். ரெண்டாவது வசனத்தைப் பிள்ளைகளுக்குச் சொன்னதே இல்ல."

"அதில் என்ன இருக்கிறது?"

"பேதுருவைப் பிடிக்கிறதுக்கு முன்னால ஏரோது யாக்கோபைப் பிடிச்சு வாளால கொன்னுட்டான். யோவானோட அண்ணன். அவரும் மீன்பிடிக்கிறவர்தான், பேதுருவுக்குக் கூட்டாளி. ஒரே வரி. அதோட சரி."

என் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டீச்சரம்மா துடைத்துக்கொள்ளவில்லை.

"ஆஸ்பத்திரியில அவுக ஒரு நாள் சொன்னாக: சூளையில போட்ட மூணு பேரைப் பத்திச் சொல்லுதியே, அவங்க ராஜாகிட்ட என்ன சொன்னாங்கன்னு கவனிச்சியா? எங்க தேவனால தப்புவிக்க முடியும். தப்புவிக்காமப் போனாலும் உன் சிலையைக் கும்பிடமாட்டோம்னு சொன்னாங்க. அதை அடுப்புக்கு வெளியே நின்னுல்லா சொன்னாங்க, உள்ள போய்த் தப்பிச்ச பிறகு சொல்லலியேன்னாக. விடை தெரியுறதுக்கு முந்தியே கையெழுத்துப் போட்டவங்கன்னு சொல்லிச் சிரிச்சாக. சிரிச்சா மூச்சு வாங்கும். நான் பேசாம இருங்கன்னு அதட்டினேன்."

எதிரே நகரம் வெயிலில் கிடந்தது. அவரைப் படகில் ஏற்றிய இடம் எது என்று என் மனைவி தேடிப் பார்த்தாள். அத்தனை வீட்டுக்கு நடுவில் எங்கள் தெருவே அகப்படவில்லை. மத்தியானத்துக்குள் இறங்கிவிட்டோம்.

அன்று வீட்டுக்கு வந்ததும் டீச்சரம்மாவிடம் பைபிளை வாங்கி அந்த அதிகாரத்தைப் படித்தேன். அவர் சொன்னது சரிதான். யாக்கோபுக்கு ஒரே வரி. பேதுருவுக்குப் பக்கம் பக்கமாக. நான் எழுதியிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன். ரோதையை எந்த எழுத்தாளன் விடுவான்? ஆனால் அந்த வரியைப் படித்த பிறகு ரோதையின் கதை வேறு மாதிரி இருந்தது. கூடி ஜெபம் செய்தவர்களுக்குச் சில நாள் முன்னால்தான் சாவு விழுந்திருக்கிறது. அப்படியிருந்தும் திரும்ப வந்து முழந்தாளிட்டிருக்கிறார்கள். கதவு தட்டியபோது அவர்கள் நம்பாமல் போனதை இனிமேல் நான் கேலி செய்யமாட்டேன்.

ஈஸ்டர் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடி திண்ணையில் கதை ஆரம்பித்தது. நான் சாய்வு நாற்காலியைப் போட்டுக்கொண்டேன். வெள்ளத்தில் ஊறிய நாற்காலி. ஒரு பக்கம் சாய்கிறது. டீச்சரம்மா பேதுரு கதையைத்தான் எடுத்தார். "ஏரோது ராஜா யாக்கோபை வாளால வெட்டிக் கொன்னுட்டான்" என்று ஆரம்பித்தார். குழந்தைகள் கப்பென்று அடங்கின. இது அவர்களுக்குத் தெரியாத ஆரம்பம்.

பின் வரிசையிலிருந்து ஒரு பையன் கேட்டான்: "யாக்கோபுக்காக யாரும் ஜெபம் பண்ணலியா, டீச்சர்?"

"பண்ணியிருப்பாங்க."

"அப்புறம்?"

டீச்சரம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. உள்ளே காலிக் கட்டில் இருக்கிற பக்கம் திரும்பவும் இல்லை. முறுக்குத் தட்டை நகர்த்தி வைத்தார்.

"அப்புறம் பேதுருவைப் பிடிச்சாக. இவங்க மறுபடியும் அதே வீட்டுல கூடினாங்க" என்றார். சங்கிலி வந்தது, சேவகர்கள் வந்தார்கள், இரும்புக் கதவு திறந்தது. திண்ணைக் கதவை அவர் மூன்று தடவை தட்டினார். ரோதை உள்ளே ஓடினாள். பேதுரு வெளியே நின்றுகொண்டே இருந்தார். என் பேத்திதான் முதலில் சிரித்தாள்.